அறை ஹீட்டருக்கு வைஃபை பிளக் வாங்கலாமா?

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். இரண்டிலும் 2,000 வாட்ஸ் ஹீட்டர். இரவில் போட்டால் விடிந்துதான் அணைக்கிறார்கள், கரண்ட் பில் தாங்கவில்லை. போனிலிருந்தே அணைக்கிற வைஃபை பிளக் போட்டால் மிச்சம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த பிளக்குக்கு நேரம் தெரியும், குளிர் தெரியாது. நடுச்சாமத்தில் நீங்கள் அணைத்தால் விருந்தாளி விறைத்துப்போவார்.

கணக்கைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட், இரண்டு அறைக்கும் 32. ஆறே இரவில் 192! வீட்டுக் கட்டணத்தில் மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி விலைதான்.

உங்களுக்குத் தேவை தெர்மோஸ்டாட். 20 பாகையில் வைத்தால் அறை சூடானதும் தானே நிறுத்தும், குளிர்ந்தால் தானே போடும். ஆனால் ஹீட்டரோடு சேர்ந்து வருவதை மட்டும் நம்பாதீர்கள். நான் வாங்கியதில் உணரி ஹீட்டரின் உடம்பிலேயே இருந்தது. பக்கத்துக் காற்று சுட்டதும் அணைந்துவிடும். கட்டிலில் கம்பளி ஐஸாகக் கிடக்கும். தனியாகச் சுவரில் பொருத்துவதை வாங்குங்கள். ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் தள்ளி, உள்சுவரில், நெஞ்சு உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். 2,000 வாட்ஸுக்கே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் போகிறது. 10 ஆம்பியர் பிளக் ஒன்று இரவெல்லாம் இழுத்து முகம் பழுப்பேறிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பயமும் உண்டு. மழை நாளில் நனைந்த ஜீன்ஸை நாற்காலியில் போட்டு ஹீட்டர் முன்னால் காயவைப்பார்கள். அது தெரியாமல் கீழே இருந்து போனில் போட்டுவிட்டால்? ஆள் இல்லாத அறையில் ஹீட்டர் ஓடவே கூடாது.

அப்புறம், காசை முதலில் கூரையில் போடுங்கள். தகரத்துக்குக் கீழே சீலிங் இல்லையென்றால் சூடு மேலே ஏறிப் போய்விடும், எந்தத் தெர்மோஸ்டாட்டும் ஹீட்டரை ஓட்டிக்கொண்டேதான் இருக்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே இடுக்கு. ரப்பர் பட்டி ஒட்டினால் போதும். கரி அடுப்பு மட்டும் அறைக்குள் வேண்டவே வேண்டாம், மூடிய அறையில் அது உயிரையே எடுக்கும்.

சரி, தெர்மோஸ்டாட் வாங்கும்போது கடையிலேயே குமிழைத் திருப்பி, ‘டிக்’கென்று வெட்டுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் கையில் வாங்குங்கள். பழுதை மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.