தாத்தாவும் ஆயாவும் அந்தமான் வந்தால்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவர் வேலைக்காக போர்ட் பிளேருக்குக் குடிபோய் ஆறு வருடம் ஆகிறது. (2024 செப்டம்பர் முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.) வருடா வருடம் மாமனார், மாமியார், என் அம்மா மூவரும் வந்து தங்கிப் போகிறார்கள். இப்போது லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். போர்ட் பிளேருக்குப் புதிதாகக் குடிபோன நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, அப்பாவுக்கு 71 வயது. ஹார்பரில் வேலை பார்த்தவர். கப்பலில்தான் வருவேன் என்று அடம் பிடிக்கிறார். விடலாமா? (புதுவண்ணாரப்பேட்டை)

விடலாம் தம்பி, ஒரு வழிக்கு மட்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். மாதத்துக்குச் சில கப்பல்கள்தான், அதிலும் தேதி தள்ளிப்போகும். அதனால் ராஜாஜி சாலையில் உள்ள அந்தமான் கப்பல் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பங்க் (பலர் சேர்ந்து படுக்கும் பொதுக்கூடம்) வேண்டாம், கேபினே எடுங்கள், கீழ்ப்படுக்கையாகக் கேளுங்கள். வாந்தி மாத்திரையை அவருடைய டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் மாமனார் போவது கப்பல், திரும்புவது விமானம்.

மாமனார் மாமியார் பத்து நாள் தங்குகிறார்கள். எல்லாத் தீவையும் காட்டிவிட ஆசை. எப்படித் திட்டம் போடுவது? (கொருக்குப்பேட்டை)

அந்த ஆசையைப் பாதியாகக் குறைத்துக்கொள் தங்கச்சி. அவர்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை. நீ எங்கே காய்கறி வாங்குகிறாய், பேரன் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறான், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். முதல் இரண்டு நாளை அதற்கே விட்டுவிடு. அபர்டீன் பஜாரில் கடைக்காரர் தமிழில் விலை சொன்னாலே பாதிக் கவலை போய்விடும். ஒரு மாலை வெற்றிமலை முருகன் கோயில்.

அப்புறம் நாளுக்கு ஒரே இடம், அதுவும் காலையிலேயே. கடிகாரம் நம் ஊர் நேரம்தான், ஆனால் அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது. மார்கழியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

என் மாமனார் தச்சு வேலை செய்தவர். 1883ல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்குக் கூட்டிப் போனோம். பாலம் இருப்பதால் ஆட்டோவிலேயே போகலாம். அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். அறுத்து வைத்திருந்த படாக் மரப் பலகை ஒன்றின் முன் நின்றவர் நகரவே இல்லை. விரலில் எச்சில் தொட்டு அந்தச் சிவப்புப் பலகையில் தேய்த்தார். ரேகை பளிச்சென்று எழும்பியது. பேத்தியைக் கூப்பிட்டு, "இதுக்கு எதிரா இழைப்புளி தள்ளினா பிசிறடிக்கும், கூடவே போகணும்" என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அன்று வேறெங்கும் போகவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன வேலை பார்த்தார் என்று யோசித்து இடத்தைத் தேர்ந்தெடு.

அம்மாவுக்கு மூட்டு வலி. செல்லுலார் சிறை, ராஸ் தீவு முடியுமா? ஆஸ்பத்திரி வசதி எப்படி? (திருவொற்றியூர்)

இரண்டும் முடியும். சிறையில் மாடி ஏற வேண்டாம், முற்றத்தில் உட்கார்ந்து ஒளி ஒலிக் காட்சி பார்த்தாலே போதும். 1906ல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள் (கட்டட வரிசைகள்), இப்போது நிற்பவை மூன்று. இடித்த பகுதியில்தான் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊருக்குள்ளேயே. ராஸ் தீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான், உள்ளே பேட்டரி வண்டி உண்டு. படகில் ஏறும்போது மட்டும் இருவர் கை கொடுங்கள்.

பாராடங் குகை?

வயதானவர்களுக்கு வேண்டாம். விடியும் முன் எழுந்து கான்வாய்க்கு (காவலோடு சேர்ந்து போகும் வண்டி வரிசைக்கு) காத்திருக்க வேண்டும், அப்புறம் படகு, அப்புறம் நடை. போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஆயா காசிமேட்டுக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே வருவதில்லை. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். என்ன செய்வது? (காசிமேடு)

வற்புறுத்தாதீர்கள். அந்தமானிலும் அந்த டிசம்பர் 26 பலரைக் கொண்டுபோனது. எங்கள் பக்கத்து வீட்டம்மாவும் அன்று தம்பியைப் பறிகொடுத்தவர். என் அம்மாவும் உங்கள் ஆயாவைப் போலத்தான், முதல் வருடம் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வீட்டம்மாதான் தினமும் வந்து அவரோடு பேசினார். இருவரும் சேர்ந்து மேட்டுச் சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். மணலில் கால் வைக்க அம்மாவுக்கு மூன்று வருடம் ஆனது. உங்கள் ஆயாவுக்கும் பேச அப்படி ஒருவரைத் தேடிப் பாருங்கள்.

பேரன் சங்கு, பவளம் பொறுக்கலாமா?

கூடாது. செத்த பவளமானாலும் கூடாது. விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் தண்ணீரில் இறங்கவும் விடாதீர்கள்.