அப்பாவுக்கு நான் மகளா, தெரபிஸ்டா?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 21. ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் சிகிச்சை) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மளிகைக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு (54) ஏழு மாதத்துக்கு முன்பு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. இடது கையிலும் காலிலும் பலம் குறைந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது, தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். தானே சாப்பிட்டால் தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். பசி இல்லை போல என்று அம்மா மீதியை ஊட்டிவிடுவார். சட்டை போட்டுவிடுவதும் அம்மாதான்.

"அவரே செய்தால்தான் கை வரும்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டும் காட்டினேன். போன வாரம் நான் காலேஜுக்குக் கிளம்பும் அவசரத்தில், அம்மா கையிலிருந்த சட்டையை வாங்கி அப்பாவிடம் கொடுத்து "நீங்களே போடுங்கப்பா" என்றேன். இருபது நிமிஷம் போராடிவிட்டு, "பெத்தவனுக்கே பரீட்சை வைக்கிறியா?" என்று சட்டையை வீசினார். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார். வகுப்பில் மனித வளர்ச்சிப் பாடம் நடக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. நான் செய்தது தப்பா மேடம்?

பதில்:

அன்புத் தங்கைக்கு, நீங்கள் நினைத்தது சரி. செய்த நேரமும், செய்த இடத்தில் யாராக நின்றீர்கள் என்பதும்தான் இடறிவிட்டது.

மனித வளர்ச்சிக்கு உளவியலாளர் எரிக்சன் சொன்ன எட்டுக் கட்டங்களைப் படித்திருப்பீர்கள். நடுத்தர வயதின் கேள்வி, அடுத்த தலைமுறைக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்பது. உங்கள் அப்பா கடை வைத்து உங்களைப் படிக்க வைத்தவர். கொடுக்கிற கை இப்போது வாங்குகிற கையாகிவிட்டது. அந்த நிலையில், பெற்ற மகளே மதிப்பெண் போட்டால் அவர் எப்படித் தாங்குவார்? அவர் வீசியது சட்டையை அல்ல, அந்த மதிப்பெண்ணை. அளவுகோலை இனி வீட்டில் எடுக்காதீர்கள். மதிப்பீட்டையும் பயிற்சித் திட்டத்தையும் வெளியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் பார்க்கட்டும்.

அடுத்து அந்தத் தட்டு. எந்தப் பாதி மிஞ்சுகிறது என்று இன்று ராத்திரி கவனியுங்கள். இடது பாதி என்றால் அது பசியின்மை அல்ல, இடப்பக்கப் புறக்கணிப்பாக இருக்கலாம். கண் நன்றாக இருந்தாலும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது. இதை அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள், அவருடைய கவலை பாதி இறங்கும். தட்டைத் திருப்பி வைத்தால் வயிறு நிறையும், ஆனால் பழக்கம் வராது. தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரியிற வரைக்கும் பாருங்க" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சட்டை இருபது நிமிஷம் இழுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இடது கை என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்தில் நிற்பதில்லை.

சட்டை போடுவதற்கு, கடைசிப் படியை மட்டும் முதலில் அவருக்கு விட்டு, பிறகு ஒவ்வொன்றாக முந்தைய படிகளுக்கு வரும் முறையைப் பிடியுங்கள். காலை அவசரத்தில் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் முகம் கழுவி மாற்றும்போது, கைப்பிடி உள்ள நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காரட்டும். தொளதொளவென்று, பட்டன் பெரிதாக இருக்கும் சட்டை நல்லது. பலமில்லாத இடது கை முதலில் நுழைய வேண்டும். துணி முழங்கையைத் தாண்டித் தோள் வரை ஏறிய பிறகுதான் முதுகுப் பக்கம் சுற்றி வலது கைக்கு வர வேண்டும். முழங்கையிலேயே நின்றுவிட்டால் பின்னால் எவ்வளவு இழுத்தாலும் வராது. பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். கழற்றும்போது வலது கை முதலில். இடது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ யாரும் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும்.

இதையெல்லாம் முதலில் அம்மாவே செய்யட்டும். பட்டனையும் மேலிருந்து கீழே அவரே போட்டு வந்து, வயிற்றருகே உள்ள கடைசி ஒன்றை மட்டும் அப்பாவுக்கு விடட்டும். அது கண்ணுக்குத் தெரியும். துணியை வயிற்றோடு அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் போடலாம். வேலை அவர் கையில் முடிகிறது, அதுதான் முக்கியம். மூன்று நான்கு நாள் தடுமாறாமல் போட்டால் இரண்டு பட்டன். அம்மாவின் வேலையைப் பிடுங்காமல் ஒவ்வொரு பட்டனாகக் குறைக்கிறீர்கள். ஏழு மாதமாக அவரைத் தாங்கி நிற்பதும் அந்தக் கைகள்தானே.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கடைக் கணக்கு நோட்டைக் கொண்டு போய், "இந்த பாக்கி எனக்குப் புரியலப்பா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள், நடிப்பை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றில் மட்டும் கவனம்: இடப்பக்கம் விடுபட்டால் 1250 அவருக்கு 250 ஆகத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். பண விஷயத்தை இன்னொருவர் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமின்மை, அழுகை, எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். கோபக்காரர் என்று விட்டுவிடாதீர்கள்.

வகுப்பில் அழுகை வருவதை உங்கள் பொறுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். பக்கவாத வார்டு பயிற்சியைச் சில மாதம் தள்ளிப்போடக் கேட்கலாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.