மொத்தமாக ஏலத்துக்கு வரும் பழைய கணினிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கணினிகளை லாட் லாட்டாக, அதாவது பலவற்றை ஒரே தொகுப்பாக, விற்கும் இணைய ஏலங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் வசிப்பவர்கள். ஆகவே அங்கு கிடைக்கும் இயந்திரங்களை வைத்தே பேசுகிறேன். விலை போடும்போது நான் பின்பற்றும் கணக்கு ஒன்றுதான்: படத்தில் தெளிவாகத் தெரிகிற, பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிற பொருளுக்கு மட்டுமே விலை. மற்றவை அனைத்துக்கும் பூஜ்யம்.

கேள்வி: ஈபேயில் ஒரு லாட்: நான்கு கமடோர் 64, ஒரு விக்-20 (இரண்டும் பழைய வீட்டுக் கணினிகள்), இரண்டு 1541 டிஸ்க் டிரைவ், ஒரு பெட்டி நிறைய வயர்கள். "சோதிக்கவில்லை, ஆனால் விளக்கு எரிகிறது" என்கிறார் விற்பவர். 180 பவுண்டு வரை போய்விட்டது. மேலே கேட்கலாமா? (ஹாரோ, லண்டன்)

பதில்: விளக்கு எரிவதைச் சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். கமடோர் 64-க்கு வெளியிலிருந்து 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தனித்தனியாக வருகின்றன. அந்தச் சிவப்பு விளக்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும். உள்ளே இருக்கும் சிப்புகள் அத்தனையும் செத்திருந்தாலும் அது எரியும்.

விளக்கு எரியுமாறு அவர் மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. இந்த இயந்திரம் 1982-இல் விற்பனைக்கு வந்தது. அப்போது கூடவே கொடுத்த கறுப்புப் பெட்டி வடிவப் பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை உள்ளே பிசின் ஊற்றி அடைக்கப்பட்டவை. திறந்து பழுது பார்க்க முடியாது. வயதாக ஆக, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் அதன் ரெகுலேட்டர் கெட்டு, 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் அதற்கு மேல் கொடுக்கத் தொடங்கிவிடும். அது ராம் என்னும் நினைவகச் சிப்புகளைத் தீர்த்துக்கட்டிவிடும். நான்கு இயந்திரங்களையும் ஒரே பழைய சப்ளையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்திருந்தால், நல்ல நிலையில் இருந்தவையும் கெட்டிருக்கலாம். புதிதாகத் தயாரிக்கப்பட்ட மாற்று சப்ளை அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், இனிமேல் எதையும் மின்சாரத்தில் மாட்டவேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

நல்ல சப்ளை இருந்தால், ஒவ்வொன்றையும் டிவியில் மாட்டித் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். நீலத் திரையில் "38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ" என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண் முழுதாக இருந்தால் ராம் சோதனையில் இயந்திரம் தேறிவிட்டது. எண் குறைந்திருந்தால் ராமில் கோளாறு. திரை வெறும் கறுப்பாக நின்றால் ராம், பிஎல்ஏ என்னும் சிப், வேறு பல காரணங்கள் என்று தேடல் நீளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதன் ஒலிச் சிப்பான சிட் இப்போது தயாரிப்பில் இல்லை. இசையமைப்பவர்கள் உட்படப் பலர் தேடுவதால், அதை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். அடிப்பக்கத் திருகுகளைக் கிட்டத்தில் படமெடுக்கச் சொல்லுங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள பெயர்ப் பட்டை வானவில் நிறங்களில் இருந்தால் சாதாரண வகை. வெள்ளி நிறப் பட்டையாக இருந்தால் ஆரம்பகாலத் தயாரிப்பு, அதற்கு மதிப்புக் கூடுதல்.

ஒரு கோடிக்கு மேல் விற்ற இயந்திரம் இது; இந்த லாட் போனால் இன்னொன்று வரும். "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டு, சோதிக்கப்படாத ஒற்றைக் கமடோர் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். நான்கில் இரண்டு தேறாது என்று வைத்துக்கொண்டு அந்த விலையை இரண்டால் பெருக்குங்கள். வந்த தொகை 180-ஐத் தொடவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வயர்ப் பெட்டிக்கு ஒரு பென்னிகூடச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: "சோதிக்கவில்லை" என்று எழுதியவரிடம், பொருள் வேலை செய்யாவிட்டால் திருப்பிக் கேட்க முடியுமா? (பர்மிங்காம்)

பதில்: பொருளின் நிலை என்று எதைக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். "பயன்படுத்தியது" என்ற நிலையை, இயங்கக்கூடிய பொருள் என்றே ஈபே விளக்குகிறது. அதைக் குறித்துவிட்டுக் கீழே "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் முறையிட உங்களுக்கு இடம் உண்டு. "உதிரிபாகங்களுக்கு, அல்லது இயங்காதது" என்று குறித்திருந்தால் ஓடவில்லை என்று புகார் சொல்ல முடியாது. படத்தில் இருந்த பொருள் பெட்டியில் இல்லை என்றால் மட்டும் சொல்லலாம். அதனால் ஏலம் முடியும் முன்பே படங்களைச் சேமித்து வையுங்கள்.

கேள்வி: மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து ஆறு பழைய ஐபிஎம் கணினிகள் வந்திருக்கின்றன. ஒன்றில் 301 என்றும், இரண்டில் 161 என்றும், ஒன்றில் 601 என்றும் திரையில் எண் வந்து நிற்கிறது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. பழுதானவை என்று போட்டிருக்கிறார்கள். (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: எண் காட்டும் நான்கும் உயிரோடுதான் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தவுடன் இயந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, கோளாறு இருக்கும் பகுதியின் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணைத் திரையில் எழுதவே பிராசசர், நினைவகம், வீடியோ அட்டை எல்லாம் ஓடவேண்டும். 301 என்றால் கீபோர்டு. படத்தில் கீபோர்டே இல்லை என்றால் அந்த எண் வந்தே தீரும். 161 என்பது 1984-இல் வந்த ஏடி வகையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும், அமைப்புகளை நினைவில் வைக்கும் பேட்டரி தீர்ந்துபோனதைச் சொல்கிறது. 601 ஃப்ளாப்பி பக்கத்துக் கோளாறு; ஒரு கேபிள் கழன்றிருந்தாலே வரும். விற்பவர் குறையாக நினைத்து எழுதிய இந்த எண்களைப் போன்ற நல்ல தகவல் ஒரு லாட்டில் கிடைப்பது அரிது.

அசையாத இரண்டையும் கழித்துவிடவேண்டாம். 1981 ஆகஸ்டில் வெளிவந்த முதல் ஐபிஎம் பிசியிலும் அதன் அடுத்த தலைமுறையிலும் டான்டலம் கெபாசிட்டர்கள் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) துளி வடிவில் சின்னச் சின்னதாக இருக்கும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலே பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், மொத்த இயந்திரமும் பிணமாகத் தெரியும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினால் மீண்டும் ஓடத் தொடங்குபவை உண்டு.

கீபோர்டுகள் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். ஐபிஎம்மின் மாடல் எஃப், மாடல் எம் கீபோர்டுகளை மட்டும் சேகரிக்கும் தனிக்கூட்டம் இருக்கிறது. கணினியைவிட அவற்றுக்கு அதிகம் கொடுப்பவர்களும் உண்டு. அவை தனியே விற்கப்பட்டிருந்தால் லாட்டின் மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். முதல் பிசியின் கீபோர்டும் ஏடி கீபோர்டும் ஒரே துளையில் பொருந்தினாலும் ஒன்று மற்றதில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எட்டுப் பழைய சிறிய மேக்கின்டாஷ்கள் ஒரே லாட்டில். எல்லாம் பழுப்பேறிக் கிடக்கின்றன. விற்பவருக்கு எதுவும் தெரியவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது? (மார்க்கம், கனடா)

பதில்: பழுப்பை விட்டுவிடுங்கள். அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நடக்கும் மாற்றம். இயந்திரத்தின் உயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் பார்க்கவேண்டியது பின்பக்கம். கேபிள் மாட்டும் துளைகளைச் சுற்றியுள்ள உலோகத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே துருவோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் உள்ளே பேட்டரி வெடித்திருக்கிறது என்று கொள்ளுங்கள். எஸ்இ/30, கிளாசிக் போன்ற மேக்கின்டாஷ் மாதிரிகளின் மதர்போர்டில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வெடித்தால் அதன் திரவம் போர்டைத் தின்று, கீழே உள்ள இரும்புச் சட்டத்தையும் அரித்துவிடும். அந்தப் போர்டு அநேகமாகப் போனதுதான்.

மேக்கின்டாஷ் பிளஸ் மாதிரியில் பேட்டரி பின்பக்கத்தில் தனி அறையில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. பிளஸ், எஸ்இ இரண்டும் பொதுவாகக் கெட்டியானவை; திரை வரவில்லை என்றால் பல சமயம் பின்னுள்ள மின்பலகையில் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும். 1989-இல் வந்த எஸ்இ/30 தான் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் தேடும் இயந்திரம். பார்வைக்கு எஸ்இயும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால்தான் வேறுபாடு தெரியும். எட்டின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். ஒரே ஒரு எஸ்இ/30 இருந்து, அதன் பின்பக்கம் துருவில்லாமல் இருந்தால், அதற்கு என்ன தருவீர்களோ அதுவே எட்டுக்கும் உங்கள் உச்ச விலை. அதிலும் கெபாசிட்டர்கள் கசிந்திருக்கும், அனைத்தையும் மாற்றவேண்டி வரும் என்பதைக் கழித்துக்கொண்டே விலை போடுங்கள்.

திரையில் ஃப்ளாப்பியின் நடுவே கேள்விக்குறி மின்னினால் மகிழுங்கள். நினைவகம், திரை, போர்டு எல்லாம் ஓடுகின்றன, தொடங்குவதற்கு டிஸ்க் மட்டும் இல்லை என்று அது சொல்கிறது.

எந்த லாட்டை வாங்கினாலும், வீட்டுக்கு வந்த அன்றே எல்லாப் பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் ஏற்றி வைக்காதீர்கள். நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த இயந்திரம், காப்பாற்ற வாங்கியவரின் வீட்டில் வைத்துச் சாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கேள்வி: 386, 486 பிராசசர்களுக்கான முப்பது மதர்போர்டுகள் ஒரு குவியலாக ஏலத்தில் இருக்கின்றன. விலை ஏறிக்கொண்டே போகிறதே, ஏன்? (டொராண்டோ)

பதில்: தங்கத்துக்காக வாங்குபவர்கள் எடைபோட்டுக் கேட்கிறார்கள். பென்டியம் புரோ போன்ற செராமிக் சிப்புகள் இருக்கும் லாட்டில் அவர்களோடு போட்டி போட முடியாது. போர்டைக் காப்பாற்றத்தான் கேட்கிறீர்கள் என்றால், கீபோர்டு மாட்டும் வட்டத் துளைக்குப் பக்கத்தைப் பாருங்கள். பீப்பாய் வடிவ பேட்டரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் செம்புக் கோடுகள் அறுந்திருக்கும். பீப்பாய்க்குப் பதில் டல்லஸ் என்று பெயர் பொறித்த கறுப்புக் கட்டை இருந்தால் நல்லது. அதன் உள்ளே இருக்கும் பேட்டரி தீருமே தவிரக் கசிந்து போர்டைக் கெடுப்பதில்லை.

கேள்வி: ஒரு பள்ளி தன் ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறது. பத்து பிபிசி மைக்ரோ, உள்ளூர் ஏல நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வருகின்றன. (லெஸ்டர்)

பதில்: முதலில் கமிஷன் கணக்கைப் போடுங்கள். சுத்தியல் விலை (ஏலம் முடியும் விலை) 200 பவுண்டு, வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம், கமிஷனுக்கு 20 சதவீத வாட் வரி என்றால் நீங்கள் கட்டுவது 260 பவுண்டு. பலர் சுத்தியல் விலையை மட்டும் மனதில் வைத்துக் கேட்டுவிடுகிறார்கள்.

1981 இறுதியில் வந்த ஏக்கார்ன் நிறுவனத்தின் இந்த இயந்திரத்தின் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. 1984-இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்னும் கணினிக் கல்வித் திட்டத்துக்கும் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்க்காரர்களில் சிலர் முதன்முதலில் விரல் வைத்த கீபோர்டு இதுவாகத்தான் இருக்கும். மிக உறுதியான கட்டுமானம். ஒரே எச்சரிக்கை: பவர் சப்ளைக்குள் ரிஃபா என்ற கெபாசிட்டர் இருக்கிறது. அதன் மேலுறை விரிசல் விட்டு, ஈரம் உறிஞ்சி, மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகை கக்கும். புகை வந்தது என்பதால் இயந்திரம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அதை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பார்வையிடும் நாளில் போட்டுக் காட்டினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியும் அதை அடுத்து உயர்ந்த ஒலியும் வந்தால் நலம். தாழ்ந்த ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால் உள்ளே கோளாறு.

கேள்வி: லாட்டோடு மூன்று பெரிய கலர் மானிட்டர்களும் உண்டு. பார்சலில் அனுப்புவார்களாம். (பாஸ்டன்)

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். செலவாவது போகட்டும், பிக்சர் டியூபின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி. பெட்டி ஒருமுறை பலமாக விழுந்தால் அது முறிந்துவிடும், டியூப் அத்தோடு முடிந்தது. நேரில் போய் எடுத்துவர முடிந்தால் மட்டும் கேளுங்கள். வந்த பிறகு நீங்களே பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கை எடுத்த பின்பும் மிச்சம் தங்கியிருக்கும்.

கேள்வி: "தாத்தாவின் பரணில் கிடந்தது, ஒன்றும் தெரியாது" என்று எழுதுபவரை நம்பலாமா? (சிட்னி)

பதில்: அவரை எடைபோடுவதை விட்டுவிட்டுத் தூசியைப் பாருங்கள். பல ஆண்டு அசையாமல் கிடந்த பெட்டியின் தூசி எங்கும் ஒரே சீராக இருக்கும். மேல்மூடியில் மட்டும் விரல் தடம், பின்பக்கத்தில் அட்டை மாட்டும் இடங்களில் உலோக மூடிகள் காணவில்லை, திருகு ஒன்று இருக்கிறது மற்றொன்று இல்லை என்றால் யாரோ நல்ல அட்டைகளை எடுத்துவிட்டார்கள். அவர் மற்ற நேரங்களில் என்ன விற்கிறார் என்றும் பாருங்கள். போன மாதம் ஆட்லிப், கிராவிஸ் ஒலி அட்டைகளைத் தனித்தனியாக விற்றவர் இந்த மாதம் "ஒன்றும் தெரியாது" என்றால், நல்லதைப் பொறுக்கிய பிறகு மிஞ்சியதுதான் இந்த லாட்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். பயன்படுத்திய கணினிகளின் இறக்குமதி இந்தியாவில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அனுமதி இல்லாமல் வரும் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும். அது தாண்டி வந்தாலும் அந்த இயந்திரம் பல சமயம் 110 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். உள்நாட்டில் தேடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய லாட்டில் இருநூறு ஃப்ளாப்பிகள் வந்தன. பெரும்பாலானவற்றில் கையெழுத்தில்தான் ஏதோ எழுதியிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? (ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அச்சடித்த லேபிள் உள்ள விளையாட்டுகளுக்கு வேறு பிரதிகள் எங்கேயாவது இருக்கும். கையால் எழுதியவற்றில் ஒரு சிறு நிறுவனம் தனக்கென்று எழுதிய நிரலோ, வெளியிடப்படாமல் போன ஒரு விளையாட்டோ இருக்கலாம். அதற்கு உலகத்தில் வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம். அதே சமயம் ஒருவரின் வீட்டுக் கணக்கும் கடிதங்களும் கூட இருக்கும். அவற்றைப் படிப்பதும் பரப்புவதும் முறையல்ல; முந்தைய உரிமையாளரின் குடும்பம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

டிரைவில் செருகும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, திறப்பு வழியே வட்டத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ மங்கிய வட்டங்களோ தெரிந்தால் பூஞ்சை. அப்படியே செருகினால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். பூஞ்சை உள்ளவற்றைத் தனிப் பெட்டியில் ஒதுக்குங்கள். மற்றவற்றைக் கிரீஸ்வீசல் போன்ற கருவியால், காந்தப் பதிவை அப்படியே பிரதி எடுங்கள். எந்தக் கணினியில் எழுதிய டிஸ்க் என்று தெரியாவிட்டாலும் அந்தப் பிரதி செல்லும். பிறகு நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். எடுக்கும்போதே லேபிளையும் படமெடுத்து, கோப்புக்கும் அதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.