பழைய கார்களும் உழவர் ஊரும்

கேள்வி: உழவை நம்பி வாழும் சிற்றூரில் பழங்காலக் கார் சங்கத்தினர் கூடுவதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

பதில்: மிகுந்த பொருத்தம் இருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் தயாரான ஃபோர்டு மாடல் டி கார், மேடுபள்ளமான கிராமப் பாதைகளில் அடிபடாமல் செல்லும்படி தரையிலிருந்து நன்கு உயர்த்தி அமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க உழவர்கள் அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும்கூடப் பயன்படுத்தினர். ஆகவே, அத்தகைய கார்கள் வயல்புறத்துக்கு வருவதைப் பழைய உறவினர் ஊர் திரும்புவதாகவே கருதுகிறேன்.

ஒன்றில் மட்டும் ஊரார் கண்டிப்பாக இருக்க வேண்டும்: அறுவடைக்குப் பின் தாள் காய்ந்து கிடக்கும் வயலில் கார்களை நிறுத்த அனுமதிக்கக் கூடாது, சூடேறிய புகைக்குழாய் பட்டால் தாள் தீப்பற்றக்கூடும். எண்ணெய் கசியும் எஞ்சின்களின் அடியில் தட்டு வைக்கச் சொன்னால் மண்ணும் கெடாது.