சார்ஜரைக் கழற்றி வைத்தால் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: சிக்கனமாக இருக்க ரொம்பவே மெனக்கெடுகிறேன். செல்போன் சார்ஜரை வேலை முடிந்ததும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவேன். ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன். டூத்பேஸ்ட் டியூபை வெட்டி வழித்தெடுப்பேன். ஒரு பொருள் தூரத்துக் கடையில் விலை குறைவு என்று தெரிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவருவேன். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறேன். கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறது. டெபாசிட்டைத் தொடக் கூடாது என்பதால் மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். இவ்வளவு செய்தும் கையில் பெரிதாக எதுவும் நிற்கவில்லை. மனைவி கடை பில்லை என்னிடம் காட்டாமல் கிழித்துப் போடுகிறார். பிள்ளைகள் கஞ்சன் என்கிறார்கள். எதைத் தொடரலாம், எதை விடலாம்?

பதில்: முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம், இது இன்றைக்கே. பிரஷர் மாத்திரை ஒவ்வொரு நாளும் உடம்பில் இருந்தால்தான் வேலை செய்யும். இடையில் விட்டால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். சில வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட அதிகமாகவே எகிறும். மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ அது கைவைத்துவிட்டால், ஆயுள் முழுக்கச் சேர்த்த காசும் போதாது. மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதே மருந்து, அதே அளவில், ஜெனரிக் பெயரில், அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல், குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து கார்டு. கையில் ஏன் எதுவும் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பதில் இங்கேதான் இருக்கிறது.

கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி சேரும்போது அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் பாக்கி 100 என்றும், மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம் என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிதாக எதுவும் வாங்காமல், ஒரு மாதம்கூடத் தவறாமல் 12 மாதம் கட்டினால், மொத்தம் 55 கட்டியிருப்பீர்கள். பாக்கி 77 அப்படியே நிற்கும். கட்டிய 55-ல் 32 வட்டிக்கே போய்விட்டது. இன்னொரு பக்கம் உங்கள் டெபாசிட் ஆண்டுக்கு 7 சதவீதம் தருகிறது என்றால்கூட, அங்கே கிடக்கும் 100, 107 ஆகியிருக்கும். அதாவது 7 சம்பாதிப்பதற்காக 32 கொடுத்திருக்கிறீர்கள். இது போதாதென்று, பாக்கி வைத்திருக்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத அந்த ஒரு மாதச் சலுகை கிடைக்காது.

உங்கள் கார்டின் உண்மையான வட்டி விகிதம் ஸ்டேட்மென்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை எடுத்து, டெபாசிட் வட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சேமிப்பைத் தொடக் கூடாது என்பது நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் இவ்வளவு வட்டி ஓடும்போது அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. ஒரு மாதக் குடும்பச் செலவுக்காவது ஒதுக்கிவிட்டு, மீதியை உடைத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் அபராதம் பிடிப்பார்கள். அதையும் கழித்துப் பாருங்கள், அப்போதும் அடைப்பதே லாபமாக இருக்கும்.

இனி வீட்டுச் சிக்கனங்களுக்கு வருவோம். சார்ஜர், போன் மாட்டாமல் சும்மா பிளக்கில் இருந்தால் இப்போதைய தயாரிப்புகள் 0.1 வாட் அளவில்தான் இழுக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் ஒரு யூனிட் மின்சாரம்கூட வராது. 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடாக்க சுமார் 0.26 யூனிட் வேண்டும். ஆக, ஆண்டு முழுக்கச் சார்ஜரைக் கழற்றிக் கழற்றி மிச்சம் பிடித்தது, நாலு முறை அந்த வெந்நீரில் குளிக்கக்கூடக் காணாது. மாறாக, 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினம் 5 மணி நேரம் எரிகிறது என்றால், அதை 9 வாட் எல்இடிக்கு மாற்றிவிட்டால் போதும். ஒரு முறை ஸ்டூல் போட்டு ஏறுகிற வேலை. ஆண்டுக்குச் சுமார் 93 யூனிட் மிச்சம். வெளிச்சம் குறையாது, யாரிடமும் சண்டையும் இல்லை. சூட்டை உண்டாக்கும் சாதனங்களும் குளிரை உண்டாக்கும் சாதனங்களும்தான் மின்கட்டணத்தைத் தின்னும். உங்கள் கவனம் ஹீட்டர், ஏசி, அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பட்டும்.

ஃபிரிட்ஜை ராத்திரி அணைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். உள்ளே 4 டிகிரி இருக்க வேண்டும். 5 டிகிரியைத் தாண்டினால் கிருமிகள் வேகமாகப் பெருகத் தொடங்கும். அவற்றில் சில விடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால் “காலையில் சுட வைத்துக்கொள்ளலாம்” என்று நினைக்காதீர்கள். காலையில் போட்டதும் ராத்திரி உள்ளே ஏறிய வெப்பத்தையெல்லாம் வெளியேற்ற கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடுவதால் மிச்சமும் பெரிதாக இருக்காது. அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்: ஒரு தாளைக் கதவில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் இரவும் பகலும் கசிகிறது. கதவைச் சுற்றி நாலைந்து இடத்தில் இப்படிச் சோதியுங்கள். ரப்பரில் அழுக்கு ஒட்டியிருந்தாலே இப்படி ஆகும், சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி படிந்திருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டிவிடுங்கள்.

சமையலிலும் அப்படித்தான். தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது, கேஸ்தான் வீணாகும். கொதி வந்ததும் தணித்து, மூடி போட்டுவிடுங்கள்.

குழாய் சொட்டுகிறதா பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, ஏறக்குறைய 20 லிட்டர். வாஷர் மாற்றுவது சின்ன வேலை.

தூரத்துக் கடை விஷயத்தில் பெட்ரோலையும் உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால் போங்கள், அதற்கென்றே போகாதீர்கள். பக்கத்துக் கடையிலேயே பாக்கெட் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று பார்த்து வாங்கினால், அலைச்சல் இல்லாமலே அதே லாபம் கிடைக்கும்.

டூத்பேஸ்ட் டியூபைத் தாராளமாக வெட்டுங்கள். மிச்சம் சொற்பம்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை, எதையும் வீணாக்கக் கூடாது என்ற உங்கள் குணத்துக்கு அது நிறைவு தருகிறது. பல் வலித்தும் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுவது, வழுவழுவென்று தேய்ந்த டயரோடு வண்டி ஓட்டுவது, ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பது மாதிரிப் பழக்கங்களும் இருந்தால் அவற்றை உடனே விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மனைவி பில்லைக் கிழித்துப்போடுவதுதான். ஒரு வீட்டில் செலவை மறைக்கத் தொடங்கிவிட்டால், அந்த வீட்டின் கணக்கு இனி யாருக்கும் தெரியாது. உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு வேறு, மற்றவர்கள்மேல் போடுவது வேறு. இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து கார்டு ஸ்டேட்மென்டையும் டெபாசிட் கணக்கையும் சேர்ந்து பாருங்கள். பாக்கி எவ்வளவு என்பது அவருக்கும் தெரிய வேண்டும். பிறகு, அவருக்கு ஒரு தொகை, உங்களுக்கும் அதே தொகை, எதற்குச் செலவழித்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது என்று பேசிவையுங்கள். பிள்ளைகள் வளர்ந்தவர்கள் என்றால் அவர்களுக்கும் சின்னதாக ஒன்று. அந்த வரம்புக்குள் அவர் எதை வாங்கினாலும் நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது, இதில்தான் உங்களுக்குக் கஷ்டம் இருக்கும்.

கார்டை அடைத்து முடித்த மறுமாதத்திலிருந்து, இதுவரை மினிமம் டியூவாகக் கட்டிவந்த தொகையைச் சம்பளம் வரும் அன்றே சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அது இல்லாமல் குடும்பம் நடத்த ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். உடைத்த டெபாசிட் அதிலேயே திரும்ப நிரம்பத் தொடங்கும்.