சுற்றி ஆட்கள் இருந்தும் தனிமையாக உணர்கிறேன், என்ன செய்வது?

ஆபீஸில் நாற்பது பேர், வாட்ஸப்பில் ஏழு குரூப், ஆனாலும் மனம்விட்டுப் பேச ஆளில்லை, இது என் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர் போட்டார்கள், அவ்வளவு பேருக்கு இருக்கிறது.

நான் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் மூன்று வருடம் இருந்தேன். பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கும், பேர் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை டீக்கடையில் "அண்ணே, ஒரு டீ" என்று கேட்க வாயைத் திறந்தால் குரலே எழும்பவில்லை. யோசித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்மா போன் செய்தபோதுகூட எடுக்காமல் "சாப்பிட்டேன்மா" என்று மெசேஜ் போட்டிருந்தேன். ஞாயிறு ராத்திரி மெஸ் லீவு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்திருந்தேன்.

ஜான் கசியோப்போ என்ற அமெரிக்க உளவியலாளர், பசி தாகம் மாதிரி தனிமையும் உடம்பு தருகிற ஒரு எச்சரிக்கைதான் என்றார். ஆனால் அது நாள்பட்டுப் போனால் மனசு எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கிவிடும், சாதாரணப் பேச்சுகூட குத்தலாகப் படும் என்றும் சொன்னார். எனக்கு அதுதான் நடந்தது. பழைய ரூம்மேட் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், கடமைக்குக் கூப்பிடுகிறான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு போகவில்லை.

அதனால் 'நாலு பேரோடு பழகு' என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அந்த நிலையில் அது முடியாது. நான் செய்தது, பார்சல் வாங்குவதை நிறுத்திவிட்டு தினமும் ராத்திரி எட்டரைக்கு அதே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும்தான். மூன்றாவது வாரம் ஒருநாள் போகவில்லை, மறுநாள் பரிமாறுகிறவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே "நேத்து ஏன் தம்பி வரல, ஊருக்கா?" என்றார். நான் வராததை ஒருவர் கவனித்திருக்கிறார்! அன்றைக்கு ரூமுக்கு வந்ததும் அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, வாழ்வதே வீண் என்கிற அளவுக்குப் போனால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 14416, டெலிமானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் அந்த ரூம்மேட். கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து, கை நடுங்க அவனுக்குப் போன் செய்தேன். "இப்பதான் ஞாபகம் வந்துச்சாடா?" என்று திட்டிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து "அன்னைக்கு உனக்காக பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பியிருந்தேன்டா" என்றான்.