நர்சிங் ஆராய்ச்சியால் நோயாளிக்கு உண்மையில் பயன் உண்டா, இல்லை டிகிரிக்காகச் செய்வதுதானா?

எம்.எஸ்சி. நர்சிங் சேரப்போகிறேன், தீசிஸ் எல்லாம் சும்மா கணக்குக்குத்தான் என்கிறார்கள், நர்சிங் ஆராய்ச்சியால் உலகத்தில் எங்காவது எதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், பெங்களூரில் பதினோரு வருடமாக வார்டில் இருக்கிறேன், நானும் எம்.எஸ்சி. முடித்தவள்தான். மாறியிருக்கிறது. நாம் தினமும் கையால் செய்கிற வேலைகளிலேயே மாறியிருக்கிறது, வகுப்பில்தான் யாரும் அதை அப்படிச் சொல்லித் தருவதில்லை.

டிரிப் ஏற்ற நரம்பில் போட்டு வைக்கிற சின்னக் குழாய், வென்ஃப்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது 72 மணி நேரம் ஆகிவிட்டால், டிரிப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஓசூரிலிருந்து ஒரு பாட்டி வந்து சேர்ந்திருந்தார், எண்பது வயதுக்கு மேல், தோல் வெங்காயச் சருகு மாதிரி, நரம்பு விரலுக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும். நான் மூன்று தடவை குத்தினேன், கிடைக்கவில்லை, அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து புறங்கையில் போட்டார். "இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏம்மா புடுங்குன?" என்று பாட்டி கேட்டார். ரூல் பாட்டி என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

பாட்டி கேட்ட அதே கேள்வியை ஆஸ்திரேலியாவில் க்ளேர் ரிக்கார்ட் என்ற நர்சிங் பேராசிரியர் முறையாகக் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. குவீன்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகள், 3283 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றினார்கள், இன்னொரு பிரிவினருக்கு வீக்கமோ வலியோ அடைப்போ வந்தால் மட்டும். நரம்பு வீங்கிச் சிவப்பது இரண்டு பக்கத்திலும் 7 சதவீதம்தான். 2012-ல் லான்செட் இதழில் அது வந்தது. 2014-ல் இங்கிலாந்தின் வழிகாட்டுதலும் நாள் கணக்கு வேண்டாம், தேவைப்பட்டால் மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைப் பாருங்கள் என்றது. எத்தனை கோடிக் கைகளில் எத்தனை குத்து மிச்சம், யோசித்துப் பாருங்கள்.

கதை அதோடு முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளிலிருந்து வந்த ஆய்வில், தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது என்று போன பிறகு ரத்தத்தில் தொற்று கூடியிருந்தது, பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. எனக்கு இதில் புரிவது என்னவென்றால், பார்த்துக்கொண்டே இருக்க ஆள் இருக்கிற வார்டில் ஒரு விதி சரியாக இருக்கும், ஆள் இல்லாத வார்டில் அதே விதி ஆபத்தாகலாம். அதனால்தான் எங்கோ நடந்த ஆய்வை வாங்கி அப்படியே ஒட்டாமல் நம் வார்டிலும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவதைத்தான் எங்களுக்கு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1962-லேயே பிரிட்டனில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், முதியோர் வார்டில் ஆய்வு செய்து, எதைத் தேய்க்கிறோம் என்பதை விட நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதுதான் புண்ணைத் தடுக்கிறது என்று காட்டிவிட்டார். யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போடும் அளவுகோலும் அவர் தந்ததுதான்.

சரி, ஆள் கணக்குக்கு வருகிறேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். லிண்டா எய்கன் என்ற நர்சிங் பேராசிரியர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 2014-ல் ஐரோப்பாவில் 9 நாடுகளில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே கணக்கு. குவீன்ஸ்லாந்து 2016-ல் ஒரு நர்சுக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் போட்டது, அப்புறம் அளந்து பார்த்தால் அந்தச் சட்டம் வந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்திருந்தது, டிஸ்சார்ஜ் ஆனவர்கள் திரும்ப வந்து சேர்வது மற்ற மருத்துவமனைகளில் கூடியபோதும் இங்கே கூடவில்லை, கூடுதல் நர்ஸ்களுக்குக் கொடுத்த சம்பளத்தை விட மிச்சமான செலவு அதிகம். நைட் ட்யூட்டியில் 14 பேருக்கு நான் ஒருத்தியாக நின்ற இரவுகளில், ஒரு பெட்டில் பி.பி. இறங்குவதை நான் அரை மணி நேரம் தாமதமாகப் பார்த்த இரவு ஒன்று உண்டு. அவர் பிழைத்துக்கொண்டார். ஆள் போதவில்லை என்று நிர்வாகத்திடம் வாயால் சொன்னால் புலம்பல் ஆகிவிடும், எண்ணாகக் கொண்டுபோனால் உட்கார்ந்து கேட்பார்கள்.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். நான் படித்த கல்லூரியில் தீசிஸ் தலைப்பை, அதை மேற்பார்க்கும் ஆசிரியரான கைடு கொடுத்துவிடுவார். ஏதோ ஒரு விஷயத்தைப் பற்றி அறுபது பேருக்குக் கேள்வித்தாள், நடுவில் ஒரு வகுப்பு, திரும்ப அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியிருக்கிறது, முடிந்தது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? அந்த ஒரு வருடத்தை நான் பாட்டியின் கைக்குச் செலவு செய்திருக்கலாம் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். கைடைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மாதம் வார்டில் நின்று, நாம் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று உங்களுக்கே பதில் தெரியாத ஒன்றைப் பிடித்து வையுங்கள். பெங்களூரில் படிப்பதாக இருந்தால் பின்னால் பிஎச்.டி.க்கும் வழி இருக்கிறது, இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசிய பிஎச்.டி. கூட்டமைப்பு இங்கே ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் நடக்கிறது.

எனக்குள் இருக்கிற ஒரு கேள்வியையும் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டு சார்ட்டில் எழுதுகிறோம். பெங்களூர் அல்சூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெரியவரிடம் கன்னடத்திலும் இந்தியிலும் கேட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். "நம்பர் எல்லாம் தெரியாதும்மா, ராத்திரி பூரா குடையுது, விடிஞ்சா கடுக்குது" என்றார். அவருடைய சார்ட்டில் முந்தைய ஷிஃப்ட் 2 என்று போட்டிருந்தது. குழந்தைகளுக்கு எண் சரிப்படவில்லை என்றுதான் 1980-களில் டோனா வாங் என்ற நர்சும் கோனி பேக்கரும் சேர்ந்து முகம் வரைந்த அளவுகோலைச் செய்தார்கள். குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுளீர், விண்விண் என்று தமிழில் இருக்கிற வார்த்தைகளில் எது எவ்வளவு வலி, எதைக் கேட்டதும் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கன்னடமும் மலையாளமும் பேசுகிற சிஸ்டர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு அளவுகோல் இந்த ஊருக்கு வேண்டும். நோயாளிகள் சொன்ன வார்த்தைகளை, பேர் இல்லாமல், ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தலைப்பை எடுப்பதாக இருந்தால் கேளுங்கள், தருகிறேன்.